ஈயச் சன்னமும் செப்புச் சன்னமும்

முகவுரை

விளைந்த வயலில் ஓரிரவு காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால் மூன்று மாத உழைப்பு விடியுமுன் அழிந்துவிடும் என்பதைக் கமக்காரருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. மரவள்ளி, வற்றாளை, சோளம், நிலக்கடலை முதலிய தோட்டப் பயிர்களுக்கும் இக்கேடு உண்டு. வேலி அடைத்தும், காவற்கொட்டிலில் விழித்திருந்தும் பயிரைக் காப்போர் பலர். பயிர்ப் பாதுகாப்பிற்கென அரசாங்க அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கை வைத்திருப்போரும் உளர். சுடப்பட்ட பன்றியின் இறைச்சி வீட்டுக்கும் அயலுக்கும் பங்கிடப்படுவது வழக்கம்.

அவ்விறைச்சியோடு ஈயமும் அடுக்களைக்குள் வருகின்றது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இது பற்றி விரிவாக ஆராய்ந்தோர் ஐக்கிய அமெரிக்காவின் வேட்டைக்காரரும் வைத்தியரும் பறவை ஆராய்ச்சியாளருமாவர். ஆராய்ச்சியின் பயனாக அங்குள்ள வேட்டைக்காரருள் பலர் ஈயத்தை விட்டுச் செம்பினாலாகிய சன்னத்தைக் கைக்கொண்டுள்ளனர். அந்நாட்டில் மான் வேட்டைக்கான தோட்டாவைச் சட்டப்படி வீட்டிலேயே நிரப்பிக்கொள்வோர் இலட்சக் கணக்கானோர். அவர்கள் செப்புச் சன்னத்தை எவ்வாறு தெரிவு செய்கின்றனர் என்பதையும், அதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் யாது என்பதையும் இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

ஒன்றை முதலிலேயே கூறிவிட வேண்டும். நம் நாட்டில் அனுமதிப்பத்திரமின்றித் தோட்டா செய்வதும், வெடிமருந்து வைத்திருப்பதும் குற்றமாகும். ஆகவே இங்கு கூறப்படுவது அறிவின் பொருட்டேயன்றிச் செய்முறைக்கன்று.

சன்னம் என்பது யாது

துவக்கினின்று வெளிப்பட்டு இலக்கைத் தாக்கும் உலோகத் துண்டே சன்னம். சன்னம், அதனைத் தள்ளும் வெடிமருந்து, மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, இவற்றை அடக்கிய பித்தளைக் கூடு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. வேட்டைக்காரர் சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டை எடுத்து, மற்றைய மூன்றையும் புதிதாக இட்டு மீண்டும் பயன்படுத்துவதையே கைநிரப்பு என்பர். இவ்வாறு செய்வோர் தம் துவக்கிற்கும் தாம் வேட்டையாடும் விலங்கிற்கும் ஏற்ற சன்னத்தைத் தாமே தெரிந்துகொள்ளலாம்.

நம் கமக்காரர் பெரும்பாலும் அறிந்தது பல சிறு சன்னங்களை ஒருங்கே சிதறும் சொட்கன் துவக்காகும். அமெரிக்க மான் வேட்டையில் பெரிதும் பயன்படுவது ஒரே சன்னத்தை நெடுந்தூரம் செலுத்தும் றைபிள் துவக்கு. றைபிள் குழலின் உட்புறத்தில் திருகாணியின் புரி போன்ற சால்கள் உள்ளன. அவை சன்னத்தைச் சுழலச் செய்து நேராகச் செல்ல வைக்கின்றன. பம்பரம் சுழலும் வரை சாயாது நிற்றல் போன்றதே இது.

ஈயம் விரும்பப்பட்ட காரணம்

ஈயம் பாரமானது, மெதுமையானது, மலிவானது, 327 பாகை சதமளவில் உருகிவிடுவது. ஆகவே அடுப்பிலேயே உருக்கி அச்சில் வார்க்கக்கூடியதாயிருந்தது. வேகம் மிகுந்த புகையில்லா வெடிமருந்து வந்தபின் வெறும் ஈயம் குழலில் அப்பிக்கொண்டதால், ஈயத்தின்மேல் மெல்லிய செப்புக் கவசம் போர்த்தினர். வேட்டைச் சன்னத்தின் முனையில் மாத்திரம் ஈயம் வெளியே தெரியும். அது விலங்கின் உடலைத் தாக்கியதும் காளான்போல விரிந்து, அகன்ற காயத்தை உண்டாக்கி, விலங்கை விரைவில் வீழ்த்தும்.

ஆயின் விரியும் அவ்வேளையிலேயே ஈயம் துகள்களாகவும் உடைகின்றது. ஈயத்தைக் கொண்ட சாதாரண வேட்டைச் சன்னம் உடலினுள்ளே தன் நிறையில் நாலிலொன்றையோ, மூன்றிலொன்றையோ, சிலவேளை அதனினும் கூடவோ இழந்துவிடும். 180 கிறெயின் நிறையுள்ள சன்னம் 54 கிறெயினை இழப்பதாகக் கொள்வோம். கிறெயின் என்பது சன்னத்தை நிறுக்கும் அளவு; ஒரு றாத்தலில் 7000 கிறெயின் அடங்கும். 54 கிறெயின் ஏறக்குறைய மூன்றரைக் கிறாமாகும். அம்மூன்றரைக் கிறாம் ஈயமும் இறைச்சியிலும் குடலிலும் சிதறிக் கிடக்கும். அவற்றுட் பல கண்ணுக்குத் தெரியா; நாவுக்கும் தட்டுப்படா.

ஆராய்ச்சிகள் காட்டியவை

2008ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்கு உணவளிக்கும் நிலையங்களுக்கு வேட்டைக்காரர் தருமமாக வழங்கிய அரைத்த மான் இறைச்சியை ஒரு வைத்தியர் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தார். பல பொதிகளில் உலோகத் துகள்கள் காணப்பட்டன. தருமமாகக் கொடுத்தவர் எவரும் தீங்கு நினைத்தவரல்லர். எனினும் அவ்விறைச்சியை வழங்கவேண்டாமென அரசாங்கம் அந்நிலையங்களுக்கு அறிவிக்க நேர்ந்தது.

2009ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி இன்னும் தெளிவானது. ஈயச் சன்னத்தாற் சுடப்பட்ட 30 மான்கள் கதிர்ப்படம் எடுக்கப்பட்டன. ஒரு மானுக்குச் சராசரி 136 உலோகத் துகள்கள் இருந்தன. பின்னர் அம்மான்கள் வழமைபோல இறைச்சிக்கடைகளில் வெட்டி அரைக்கப்பட்டன. கடைக்காரர் காயப்பட்ட பகுதியை நீக்கியே வெட்டினர். அவ்வாறிருந்தும் அரைத்த இறைச்சிப் பொதிகள் 234இல் நூற்றுக்கு 32 வீதமானவற்றில் உலோகத் துகள் இருந்தது. மான்களுள் நூற்றுக்கு 80 வீதமானவை குறைந்தது ஒரு பொதியிலேனும் துகளைக் கொண்டிருந்தன. துகளுள்ள இறைச்சியைப் பன்றிகளுக்கு ஊட்டியபோது அவற்றின் இரத்தத்தில் ஈயம் உயர்ந்தது. துகள் வயிற்றினூடாக வெறுமனே கழிந்துவிடும் என்ற பழைய எண்ணம் இதனாற் பிழையாயிற்று.

அச்சத்தை மிகைப்படுத்தலும் ஆகாது. வட டக்கோட்டாவில் 2008இல் 738 பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. வேட்டை இறைச்சி உண்போரின் இரத்தத்தில் ஈயம் உண்ணாதோரினும் சற்றுக் கூடுதலாக இருந்தது. எனினும் அக்காலத்தில் அபாய எல்லையெனக் கொள்ளப்பட்ட அளவை எவரும் தாண்டவில்லை. ஒருமுறை உண்டதனால் வளர்ந்த ஒருவர் நோயுறுவார் என்பதன்று கருத்து. ஈயம் சிறிது சிறிதாக எலும்பிலும் பல்லிலும் சேர்ந்து நெடுங்காலம் தங்கும் என்பதே கருத்தாகும். கருவுற்ற காலத்தில் அது தாயின் எலும்பிலிருந்து கரைந்து குழந்தையைச் சென்றடையும். உட்கொண்ட ஈயத்தைச் சிறுபிள்ளைகளின் உடல் வளர்ந்தோரின் உடலைவிடப் பன்மடங்கு உறிஞ்சும். அதனால் மூளை வளர்ச்சி குன்றும். கற்கும் ஆற்றல் குறையும். ஈயத்தில் தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிபு.

கழுகு கற்பித்த பாடம்

கலிபோர்னியாவின் மலைகளில் வாழும் கொண்டர் என்னும் பெருங்கழுகு, செத்த விலங்கின் உடலை உண்பது. வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் குடலையும், காயப்பட்டுத் தப்பியோடி இறந்த விலங்கையும் தின்று அது ஈய நஞ்சால் மடிந்தது. 1982இல் உலகில் 22 கொண்டர்களே எஞ்சியிருந்தன. 1987இல் காட்டில் எஞ்சிய கடைசிப் பறவையும் பிடிக்கப்பட்டுக் கூட்டில் வளர்க்கப்பட்டது. 1992 தொடக்கம் மீண்டும் காட்டில் விடப்பட்டபோதும், ஈயமே அவற்றை மிகுதியாகக் கொன்ற காரணமாயிற்று. ஆகவே கலிபோர்னியா மாநிலம் 2007இல் கொண்டர் வாழும் பகுதிகளில் ஈயச் சன்னத்தைத் தடுக்கச் சட்டமியற்றியது. 2013இல் இயற்றிய மற்றொரு சட்டத்தால் மாநிலம் முழுவதிலும் வேட்டைக்கு ஈயம் தடுக்கப்பட்டு, 2019 யூலை முதலாந் திகதி தொடக்கம் அது முற்றாக நடைமுறைக்கு வந்தது.

மான்கள் கிடந்த இடங்களில் விடப்பட்ட 20 குடற் குவியல்களைச் சோதித்தபோது 18இல் ஈயத் துகள் காணப்பட்டதாக 2006இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. அதே ஆராய்ச்சியில் செப்புச் சன்னத்தாற் சுடப்பட்ட நான்கு முழு மான்களிலும் சேர்த்து ஆறு துகள்களே எண்ணப்பட்டன. இவ்விரு எண்களையும் ஒப்பிட்டு நோக்கின் செப்புச் சன்னத்தின் பயன் விளங்கும்.

செப்புச் சன்னத்தின் அமைப்பு

செம்பைத் தோட்டக்காரர் நன்கறிவர். இலைக்கருகல் நோய்க்குத் தெளிக்கும் போடோக் கலவையில் உள்ள மயில்துத்தம் செம்பிலிருந்து ஆவதே. செம்பு முற்றிலும் தீங்கற்றதென்று கொள்ளற்க. துருசுக் கரைசல் குளத்து மீனைக் கொல்லும். ஆயின் செப்புச் சன்னம் கரைசலன்று, கட்டியான உலோகம். அது உடையாது ஒரே துண்டாக நிற்பதே அதன் நற்குணம்.

முழுதும் செம்பாலான விரியும் சன்னத்தை அமெரிக்காவில் பரவச் செய்தது பார்ண்ஸ் என்னும் கம்பனி. 1980களில் அது வெளியிட்ட சன்னம் எக்ஸ் எனப் பெயர் பெற்றது. முனையிலுள்ள குழி உடலின் ஈரத்தைத் தாக்கியதும் நான்கு இதழ்களாக மடிந்து விரியும்; அவ்வடிவம் எக்ஸ் எழுத்தை ஒத்திருந்தது. பின்னர் வேறு கம்பனிகளும் இத்தகையவற்றைச் செய்தன. சில கம்பனிகள் தனிச் செம்பையும், சில செம்பு 95 பங்கும் நாகம் 5 பங்கும் கலந்த உலோகத்தையும் கையாளுகின்றன. நன்கு செய்யப்பட்ட செப்புச் சன்னம் தன் நிறை முழுவதையுமோ, நூற்றுக்கு 95 வீதத்திற்கு மேலோ காத்துக்கொள்ளும். இதழொன்று ஒடிந்தாலும் அது பெருந்துண்டாகவே கிடக்கும், தூளாகாது.

தெரிவு செய்யும் முறை

ஒரே இன நெல் எல்லா வயலுக்கும் பொருந்தாதவாறு ஒரே சன்னம் எல்லாத் துவக்கிற்கும் பொருந்தாது. கைநிரப்புவோர் பின்வருவனவற்றை ஒழுங்காக நோக்குவர்.

1. விட்டம். சன்னத்தின் விட்டம் குழலின் அளவிற்குச் சரியாக இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் 1906இல் வந்த .30-06 தோட்டாவிற்கும், 1952இல் வந்த .308 வின்செஸ்ரர் தோட்டாவிற்கும் சன்னத்தின் விட்டம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 308 பங்காகும். 1955இல் வந்த .243 வின்செஸ்ரருக்கு அது 243 பங்கு. பித்தளைக் கூடு வெவ்வேறாயினும் விட்டம் ஒன்றாயின் சன்னமும் ஒன்றாயிருக்கக்கூடும்.

2. நிறை. ஈயம் நீரைவிட 11.3 மடங்கு பாரமானது. செம்பு ஏறக்குறைய 9 மடங்கே. ஆகவே ஒரே வடிவும் நீளமும் உள்ள செப்புச் சன்னம் ஈயச் சன்னத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நிறையே உடையதாகும். நிறை குறைவதால் வலிமையும் குறையுமென்று அஞ்சிப் பழைய நிறையையே செம்பிலும் தேடுவோர் உளர். இது தவறு. ஈயச் சன்னம் உடலினுள் நிறையை இழந்துகொண்டே செல்லும், செம்பு இழப்பதில்லை. ஆகவே குறைந்த நிறையோடு புறப்பட்டும் அது ஆழமாகச் செல்லும். .30-06 துவக்கில் 180 கிறெயின் ஈயச் சன்னத்தைக் கையாண்டவர், 150 முதல் 168 கிறெயின் வரையுள்ள செப்புச் சன்னத்தைத் தெரிவர். .243 துவக்கில் 100 கிறெயினுக்குப் பதிலாக 80 அல்லது 85 கிறெயின் போதியதாகும்.

3. நீளமும் புரியும். ஒரே நிறைக்குச் செப்புச் சன்னம் நீளமானது. நீளமான சன்னம் சாயாது செல்ல விரைவாகச் சுழல வேண்டும். குழலின் புரி எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகின்றது என்பதே இதனைத் தீர்மானிக்கும். 10 அங்குலத்தில் ஒரு சுற்று என்பது 12 அங்குலத்தில் ஒரு சுற்றினும் விரைவானது. இத்தொடர்பை 1879இல் இங்கிலாந்தின் கிறீன்ஹில் என்னும் கணித ஆசிரியர் வாய்ப்பாடாக வகுத்தார். நிறையை விட நீளமே முக்கியம் என்பதே அவ்வாய்ப்பாட்டின் சாரம். மந்தமான புரியுள்ள பழைய துவக்கிற்கு இலேசான, குறுகிய செப்புச் சன்னமே ஏற்றது. சரியானதா என்பதை இலக்குத் தாளே காட்டிவிடும். தாளில் துளை வட்டமாக இன்றி நீண்டிருந்தால், சன்னம் பக்கவாட்டில் புரண்டு சென்றுள்ளது என்பது கருத்து. அச்சன்னத்தை அத்துவக்கிற் கையாளலாகாது.

4. வேகம். செம்பு ஈயத்தினும் கடினமானது. ஆகவே விரிவதற்குக் கூடிய வேகம் வேண்டும். செக்கனுக்கு 1800 முதல் 2000 அடி வரையிலான வேகத்திற்குக் குறைந்தால் பெரும்பாலான செப்புச் சன்னங்கள் நன்றாக விரியா. விரியாத சன்னம் ஊசிபோலத் துளைத்துச் செல்ல, விலங்கு காயத்தோடு நெடுந்தூரம் ஓடித் துன்புற்று இறக்கும். .308 துவக்கில் 2800 அடி வேகத்தோடு புறப்படும் 150 கிறெயின் சன்னம் 400 யார் தூரத்தில் ஏறக்குறைய 2000 அடியாகக் குறையும். ஆகவே தாம் சுடும் மிகக் கூடிய தூரத்தில் எஞ்சும் வேகம் யாது, தெரிந்த சன்னம் விரியத் தேவையான வேகம் யாது என்னும் இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே தெரிவு செய்வர். குறுங்குழல் துவக்கில் தொடக்க வேகமே குறைவாதலால் இலேசான சன்னம் அங்கு மேலும் நன்று. சில சன்னங்களின் குழியில் கூரிய பிளாத்திக்கு முனை செருகப்பட்டிருக்கும். அது காற்றைக் கிழித்துச் செல்ல உதவுவதோடு, தாக்கியதும் பின்னோக்கி அழுந்தி இதழ்களை விரிக்கவும் உதவும்.

5. பள்ளங்கள். செப்புச் சன்னத்தின் உடலைச் சுற்றி வளையம் போன்ற பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். கடினமான செம்பு குழலின் புரியால் அழுத்தப்படும்போது அகலும் உலோகம் இப்பள்ளங்களில் அடங்கும். அதனால் உள்ளமுக்கமும், குழலில் செம்பு அப்புவதும் குறையும். முற்காலத்துப் பள்ளமில்லாச் செப்புச் சன்னங்களில் இவ்விரு குறைகளும் மிகுந்திருந்தன.

6. இருத்தும் ஆழம். ஈயச் சன்னத்தைப் புரியின் தொடக்கத்திற்கு மிக அண்மையில் நிற்குமாறு கூட்டில் பொருத்துவோர் உளர். செப்புச் சன்னத்திற்கு இது பொருந்தாது. சன்னத்திற்கும் புரிக்குமிடையே அங்குலத்தின் இருபதில் ஒரு பங்கோ அதற்குச் சிறிது கூடவோ இடைவெளி விடுமாறு செய்கம்பனிகள் கூறும். இடைவெளி விட்டால் பலவேளைகளில் குறியும் நன்கமைவதைக் காணலாம்.

7. மருந்தளவு. இதுவே உயிரோடு தொடர்புடையது. ஒரே நிறையுள்ள ஈயச் சன்னத்திற்குக் குறித்த மருந்தளவைச் செப்புச் சன்னத்திற்கு இடலாகாது. செப்புச் சன்னம் நீளமாதலின் கூட்டினுள் கூடுதலான இடத்தைப் பிடிக்கும், மருந்திற்குரிய இடம் குறையும், அமுக்கம் உயரும், துவக்கு வெடித்துச் சுடுபவரின் கண்ணும் கையும் போகக்கூடும். பூச்சிநாசினிப் போத்தலின் சுட்டுத்துண்டில் உள்ள அளவே அளவு என நாம் கூறுவதுபோல, அச்சன்னத்திற்கெனச் செய்கம்பனி வெளியிட்ட அட்டவணை ஒன்றே அங்கு பிரமாணம். அதிலும் மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகவே உயர்த்துவர்.

8. சுத்திகரிப்பு. ஈயச் சன்னத்திலிருந்து செப்புச் சன்னத்திற்கு மாறுமுன் குழலை நன்கு துப்புரவாக்குதல் வேண்டும். முன்னைய படிவின்மேற் புதிய உலோகம் படிந்தால் குறி சிதறும். குறி கெட்டது சன்னத்தின் குறையென எண்ணி அதனைக் கைவிட்டோர் பலருக்கு உண்மையில் வேண்டியிருந்தது குழலைத் துடைப்பதேயாகும்.

குறைகளும் உண்டு

செப்புச் சன்னத்தின் விலை பெரும்பாலும் ஈயச் சன்னத்தினும் கூடியது. ஆயின் ஒரு மானுக்கு வேண்டியது ஒன்றோ இரண்டோ சன்னமே. காயத்தைச் சுற்றி எறியவேண்டிய இறைச்சி குறைவதால் விலையின் ஒரு பகுதி மீண்டுவிடும். அஃதன்றி, செம்பு துகளாகச் சிதறாமையால் காயம் ஒடுங்கியது; ஆகவே நெஞ்சறையில் தவறாது படுமாறு சுடுதல் வேண்டும். ஓரமாகச் சுட்டுவிட்டுத் துகள் செய்யும் வேலையை நம்பியிருத்தல் ஆகாது. சன்னம் விலங்கை ஊடுருவி அப்பாலும் செல்லக்கூடியதாதலால், விலங்கிற்குப் பின்னே மண்மேடு உண்டா, ஆள் நடமாட்டம் உண்டா என்பதை முன்கூட்டியே பார்த்தல் மிக அவசியம்.

நம் கமக்காரர் கொள்ளத்தக்கவை

மேற்கூறிய றைபிள் சன்னங்கள் நம் ஊர்க் கமக்காரரின் கைக்கு வருவன அல்ல. எனினும் ஈயம் எங்கும் ஈயமே. சொட்கன் தோட்டாவிலுள்ள சிறு சன்னங்களும் பெரும்பாலும் ஈயத்தாலானவை. அவை பல இடங்களிற் பாய்வதால் இறைச்சியிற் பரந்து கிடக்கும். நீர்ப்பறவைகள் சேற்றிற் கிடக்கும் ஈயச் சன்னத்தைச் சிறுகல்லென விழுங்கி மடிவதால், ஐக்கிய அமெரிக்கா 1991 தொடக்கம் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடு முழுவதும் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2023இல் சதுப்பு நிலங்களில் அதனைத் தடுத்தது. ஈயத்திற்குப் பதிலாக அங்கு உருக்குச் சன்னம் வழங்குகின்றது. அது கடினமானதாதலால் எல்லாப் பழைய துவக்குகளுக்கும் பொருந்தாது. ஆராயாது மாற்றுதல் தகாது.

ஆகவே அனுமதிப்பத்திரமுள்ள துவக்காற் பயிர்ப்பகையைச் சுட நேர்ந்து, அவ்விறைச்சி உணவாகுமிடத்துப் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று.

(அ) காயத்தைச் சுற்றியுள்ள கன்றிய, இரத்தங் கட்டிய இறைச்சியைத் தாராளமாக வெட்டி நீக்குக. துகள் காயத்திற்கு அப்பாலும் செல்லுமாதலால் ஒரு சாண் அகலத்தை இழப்பதற்கு மனம் வருந்தற்க. கண்ணுக்குத் தெரியும் சன்னத்தை மாத்திரம் எடுத்துவிட்டால் போதாது.

(ஆ) நீரில் அலசுதலால் ஈயம் நீங்காது, வேகவைப்பதாலும் அழியாது.

(இ) வினாகிரி முதலிய புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். புளியும் தேசிக்காயும் அவ்வாறே. ஐயத்திற்குரிய இறைச்சியைப் புளியிட்டு நெடுநேரம் வேகவைத்தால் துகளிலுள்ள ஈயம் குழம்பிற் கலக்கும். ஆகவே முதலில் வெட்டி நீக்குதலே வழி.

(ஈ) கருவுற்ற பெண்களுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், சிறுபிள்ளைகளுக்கும் ஈயச் சன்னத்தாற் சுடப்பட்ட இறைச்சியைக் கொடாதிருத்தலே மேலானது. நல்ல பங்கைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. இவ்விறைச்சியைப் பொறுத்தவரை பிள்ளைக்கு வையாதிருப்பதே அன்பு.

(உ) குடலையும் வெட்டி நீக்கிய பகுதியையும் நாய்க்கு எறியாதும் வரப்பில் விடாதும் ஆழமாகப் புதைக்குக. நாய்க்கும் பருந்துக்கும் ஈயம் நஞ்சே.

(ஊ) பழைய பற்றரித் தகட்டையோ வலைக்குண்டையோ வீட்டு அடுப்பில் உருக்கற்க. உருகும் ஈயத்தின் புகையும் தூசியும் சட்டிபானையிலும் தரையிலும் படியும்; தவழும் குழந்தை அதனைக் கையால் எடுத்து வாயில் வைக்கும்.

(எ) கட்டுத்துவக்கு வைத்தல் சட்டத்திற்கு மாறானது. அதனாற் கால் இழந்த கமக்காரரும் உளர். உறுதியான வேலியும், அயலார் கூடிச் செய்யும் காவலுமே நிலையான பாதுகாப்பு.

முடிவுரை

அமெரிக்க வேட்டைக்காரர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஈயத்தையே நம்பியிருந்தவர்கள். கழுகு மடிந்தபோதும், தருமமாகக் கொடுத்த இறைச்சியிற் துகள் தெரிந்தபோதும் அவர்கள் முதலில் நம்ப மறுத்தனர். பின்னர் தம் பிள்ளைகள் உண்ணும் உணவு அதுவென உணர்ந்தோர், துவக்கின் புரியை அளந்து, நிறையைக் குறைத்து, மருந்தளவைப் புதிதாகத் தொடங்கி, செம்பிற்கு மாறினர். எந்தச் சன்னம் நல்லது என்று கேட்போருக்கு அவர்களது அனுபவம் தரும் விடை இதுவே: தன் துவக்கின் புரிக்கு ஏற்ற நீளமும், தான் சுடும் தூரத்தில் விரியத்தக்க வேகமும், உடலினுள் உடையாத உறுதியும் உடையதே நல்ல சன்னம்.

நமக்குரிய விடை அதனினும் எளியது. இறைச்சியைப் பகிருமுன் காயத்தைச் சுற்றி அகலமாக வெட்டி எறிக. பிள்ளைகளின் தட்டில் ஈயம் விழாது காக்க. பயிரைக் காக்கும் வேறு வழிகள் பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்டறிக.